ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் தூங்குவதில்லை

செப்டம்பர் 2, திங்கள்

மானேஜர் தனசேகர் காலையிலேயே கூப்பிட்டனுப்பினார். நம் ஆபீஸ் கரண்டை அநியாயமாகக் குடிக்கிறதாம். எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி இனிமேல் ‘பசுமை அலுவலகம்’ என்று சான்றிதழ் வைத்திருப்பவர்களிடம்தான் வேலை கொடுக்குமாம். அக்டோபர் முடிவதற்குள் யூனிட்டில் கால் பங்கு குறைய வேண்டும், பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை முறையாக அப்புறப்படுத்த வேண்டும். பொறுப்பு எனக்கு. சரியாக முடித்தால் நிர்வாக மேலாளர் பதவிக்கு என் பெயர்தான் சென்னைத் தலைமை ஆபீஸுக்குப் போகும் என்றார்.

கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் இந்தத் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்சியில் நான் சேர்ந்தபோது தனசேகர் பள்ளிக்கூடத்தில் டிராயர் போட்டுக்கொண்டிருந்திருப்பார். இப்போதாவது தோன்றியதே.

சீட்டுக்குத் திரும்பி எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை. டெஸ்பாட்ச் ரொசாரி மட்டும் வாயைத் திறந்தான். “சாமி வரம் குடுத்தாலும் இனிமே எமெல்டா மேடம்தான் சுவிட்ச் போடணும்” என்று என்னைக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 4, புதன்

‘என்னை அணைத்துவிட்டுப் போங்கள்’ என்று ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். மதியம் பார்த்தால் அதில் ஒன்றை என் நாற்காலி முதுகில் ஒட்டியிருக்கிறார்கள். யார் வேலை என்று தெரியும். கேட்கவில்லை.

மேஜைக்கு மேஜை செல்போன் சார்ஜர் சும்மாவே சொருகிக் கிடக்கிறது. பிடுங்கிப் பிடுங்கி ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்தேன். பிரிண்டர்கள் நாளெல்லாம் சூடாகக் காத்திருக்கின்றன, மொய் எழுத உட்கார்ந்தவர்களைப் போல. நான்கில் இரண்டை நிறுத்திவிட்டேன். ஏசியை இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு ஏற்றினேன். ஏற்றிவிட்டு ரிமோட்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன்.

நாலு மணிக்கு ஒரு சுற்று வந்தேன். பில் செக்‌ஷன் ஜெசிந்தாவின் சீட்டில் ஆள் இல்லை. கைப்பை நாற்காலியில், துப்பட்டா நாற்காலியின் முதுகில், கம்ப்யூட்டர் ஜெகஜோதியாக எரிகிறது. அணைக்கலாம் என்று மௌஸைத் தூக்கினால் அடியில் ஒரு கைக்கடிகாரம், ஆணுடையது, வினாடி முள் ஓடுகிறது. மௌஸின் சிவப்பு வெளிச்சம் அந்த முள்ளின் மேல் விழ, திரையில் அம்புக்குறி தானாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் எப்படித் தூங்கும்?

திரும்ப வந்து பாஸ்வேர்டு போட அவ்வளவு சோம்பல். அதற்கு இப்படி ஒரு தந்திரம். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தேன். ரொசாரி ஓடி வந்தான். அது அவன் வாட்ச்தானாம், கொஞ்சம் பொறுங்க என்று கெஞ்சினான். ரொசாரி கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஒரு வாட்சுக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜெசிந்தாவுக்குச் சென்னையிலிருந்து மெமோ வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து சீட்டில் இல்லை என்று.

எங்கள் கம்பெனியில் வருகைப் பதிவுக்குக் காலையில்தான் விரல் வைப்பது. கப்பல் வேலைக்கு நேரங்காலம் கிடையாது என்பதால் மாலையில் விரல் இல்லை. அதற்குப் பதில் சென்னையில் ஒரு திரை இருக்கிறது. கம்ப்யூட்டரில் வேலை நடந்தால் அவரவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் மஞ்சள். மஞ்சள் நீண்டால் மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் சீட்டுக் கிழியும். தனசேகர் மதியத்துக்கு மேல் துறைமுகத்துக்குப் போய்விடுவதால் ஆளை நேரில் பார்ப்பவர் யாருமில்லை. புள்ளிதான் ஆள்.

ஊர் சுற்றப் போனவள் மாட்டிக்கொண்டாள். அதற்கு ஆபீஸ் மொத்தமும் என்னை முறைக்கிறது. ரொசாரியிடம் வாட்சைக் கொடுத்தேன். இனி எந்த மௌஸுக்கு அடியிலும் கடிகாரம் இருந்தால் நானே மெமோ எழுதுவேன் என்றும் சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு போனான்.

செப்டம்பர் 11, புதன்

மதியம் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். யாரோ நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார்கள், வாசனை ஆபீஸ் முழுக்க. நான் என் சீட்டிலேயே சாப்பிடுகிறேன். நேரம் மிச்சமாகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

எல்லாக் கம்ப்யூட்டரும் ஐந்து நிமிடம் கை படாவிட்டால் தூங்கும்படி செய்தாயிற்று. மதுரையிலிருந்து வந்த பையன் கூடவே ஒரு மென்பொருளும் போட்டிருக்கிறான். எந்தக் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் விழித்திருந்தது, கீபோர்டை எப்போது தொட்டார்கள், எல்லாம் அதில் தெரியும். சான்றிதழ் கொடுக்க வருபவர்கள் அதைத்தான் பார்ப்பார்களாம்.

மூன்று மணிக்குப் பிறகு ஒரு கூத்து. ஜெசிந்தா சீட்டில் ரொசாரி உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறான். நாலு மணிக்கு அவன் எழுந்தான், அக்கவுண்ட்ஸ் பெண் உட்கார்ந்தாள். ஐந்துக்கு இன்னொருத்தி. வேலைவெட்டி இல்லாதவர்கள் நாற்காலி மாறி விளையாடுகிறார்கள். ஜெசிந்தாவைக் காணோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

மறுபடி அதே கூத்து.

செப்டம்பர் 26, வியாழன்

மாடியறையைத் திறந்தேன். செத்த மானிட்டர்கள், உப்பிப்போன யூபிஎஸ் பேட்டரிகள், விசைப்பலகைகள், ஒரு குவியல் கேபிள். ரொசாரி பழைய இரும்புக்கடைக்காரரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்தான். வருகிற காசு ஆபீஸ் டீச் செலவுக்காம், இது காலங்காலமாக உள்ள வழக்கமாம்.

முடியாது என்றேன். கேபிளைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள், பேட்டரியை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவார்கள், அந்தப் புகை யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும்? அனுமதி பெற்ற மறுசுழற்சிக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். வண்டி வந்து ஏற்றிப்போனது, காசு ஒன்றும் தரமாட்டார்கள். சரியான காரியம்தான் செய்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு வரவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

மூன்றரை மணிக்கு நேரே ஜெசிந்தா சீட்டுக்குப் போய் ரொசாரியின் எதிரில் நின்றேன். இது யார் சீட்டு, நீ ஏன் இதில் உட்கார்ந்திருக்கிறாய், அவள் எங்கே, இப்போதே சொல்லாவிட்டால் மானேஜருக்குப் போன் போடுவேன் என்றேன். ஆபீஸ் முழுவதும் தட்டுவதை நிறுத்திவிட்டது. ரொசாரி மட்டும் தட்டிக்கொண்டே சொன்னான்.

“அவ வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு மேடம். செவ்வாயும் வெள்ளியும் மூணு மணிக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். நடக்க மாட்டாரு. தூக்கிக் கொண்டுபோய் விட வேற ஆளு இல்ல.”

லீவு போடலாமே என்றேன். இந்த வருட லீவு ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது, பெர்மிஷன் மாதத்துக்கு இரண்டுதான் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டான். வேலையை விட்டால் கம்பெனி இன்சூரன்ஸ் போய்விடும், இன்சூரன்ஸ் போனால் அந்த மனுஷன் எத்தனை நாள் என்றான். காலையில் ஏழரைக்கே வந்து அவள் அன்றைய பில்லையெல்லாம் முடித்துவிடுகிறாளாம். அது எனக்குத் தெரியாது. நான் ஒன்பதுக்கு வருகிறேன்.

“இது யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உங்களுக்கும் மானேஜருக்கும் மட்டும்தான் தெரியாது.”

அப்புறம், கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணி கேன் போடுகிற ஆளுக்குக்கூடத் தெரியும் என்றான்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆபீஸுக்கு வருவது வேலை பார்க்கத்தான், உறவு கொண்டாட இல்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஜெசிந்தாவுக்கு வேலை சொல்லிக் கொடுத்தது நான். அவள் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அக்கா என்று என் பின்னாலேயே திரிந்தவள். நான் நிர்வாகத்துக்குப் போன பிறகு மேடம் ஆனேன், அப்புறம் அதுவும் இல்லை, பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

தண்ணி கேன் போடுகிறவனுக்குத் தெரிகிறது.

அக்டோபர் 5, சனி

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. புழுக்கம்.

அக்டோபர் 7, திங்கள்

சான்றிதழ் சோதனைக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டில் ஜெசிந்தா விஷயத்தையும் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு கம்ப்யூட்டரை உரிய ஆளில்லாமல் ஓட்டினால் அது வீண் மின்சாரம். நான் எழுதாவிட்டாலும் மென்பொருள் காட்டிக்கொடுக்கும். பிறகு பழி என் தலையில்தான் விழும்.

நான் மிரட்டியதை ரொசாரி சொல்லியிருப்பான் போலிருக்கிறது. மதியம் ஜெசிந்தாவே என் மேஜைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இளைத்துப்போயிருக்கிறாள். நல்லது கெட்டது எதுவும் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் சண்டைக்கே வந்தாள்.

“எழுதணும்னா எழுதிருங்க. இன்னைக்கா நாளைக்கான்னு என்னால இருக்க முடியாது.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பிய?”

நான் யோசித்தேன். விதிப்படி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருப்பேன். மேலிடம் முடியாது என்று பதில் போட்டிருக்கும். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“அதான்” என்றாள். போகிறபோது திரும்பி, “உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அதுக்குத்தான் நாங்க சொல்லல” என்றாள்.

இருபத்தாறு வருடம் நேர்மையாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இது. உதவாக்கரை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை லீவு என்பதால் இன்றே பூஜை. கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பாதிப்பேர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான், ஆனால் பொரிகடலைக்கு மதம் கிடையாது. ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பூஜை முடிந்ததும் ஒன்று விடாமல் தாங்களாகவே அணைத்தார்கள். ஒன்றரை மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், கேட்காதவர்கள், ஒரு குங்குமப் பொட்டுக்குக் கட்டுப்படுகிறார்கள்.

ஜெசிந்தாவின் திரையும் கறுப்பாக இருந்தது. நாளை வெள்ளி. லீவு நாள் ஆகையால் அவள் யாருக்கும் பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எனக்கு ஏன் இது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, புதன்

மீட்டர் பார்த்தேன். கால் பங்குக்கு மேலேயே குறைந்திருக்கிறது. தனசேகர் கை கொடுத்தார். நிர்வாக மேலாளர் உத்தரவு தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார்.

வருகிற செவ்வாய் சோதனைக்குச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள். காலை பத்து மணிக்கு. மூன்றுக்குள் முடிந்துவிடும்.

ரிப்போர்ட் இன்னும் எழுதவில்லை. பிரிண்டர் சூடாக நேரமாகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் ரெயில் தாமதமாகி இரண்டரைக்கு வந்தார்கள். வர்த்தினி என்று ஒரு பெண், எங்கள் கிளைகளுக்கெல்லாம் சான்றிதழ் சோதனை இவள்தானாம், முப்பது வயதுகூட இருக்காது, கையில் லேப்டாப். தனசேகர் துறைமுகத்துக்குப் போகாமல் கூடவே நின்றார். அவர் இருந்ததால் எல்லாரும் அவரவர் சீட்டில் அசையாமல் இருந்தார்கள். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள், ரொசாரியைப் பார்த்தாள், மூன்று மணிக்குப் பாத்ரூம் பக்கம் போகிறவள் மாதிரி எழுந்து போனாள். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் ஏசி, பிரிண்டர், மாடியறை எல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். மறுசுழற்சிச் சான்றைப் பார்த்து என்னைப் பாராட்டக்கூடச் செய்தாள். பிறகு மென்பொருளைத் திறந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் தூங்குவதே இல்லை, ஆனால் கீபோர்டில் பேருக்குத்தான் கை பட்டிருக்கிறது என்றாள். இருக்காதா பின்னே, ரொசாரியின் இரண்டு விரல் எவ்வளவுதான் தட்டும்.

நேரே ஜெசிந்தாவின் சீட்டுக்குப் போனாள். திரை கறுத்துக் கிடந்தது.

“இந்த சீட்ல யாரு? எங்க அவங்க?”

தனசேகர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் லேசாகச் சிரித்துக்கொண்டு, ஆளே இல்லாமல் புள்ளியைப் பச்சையாகக் காட்டும் பித்தலாட்டம் எல்லாக் கிளைகளிலும் உண்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம், சோம்பேறிகளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்றாள். சென்னைக்கு இதையும் சேர்த்து எழுதப்போகிறேன் என்றாள்.

சோம்பேறி என்றாள். காலை ஏழரைக்கு வந்து பில் போடுகிறவளை.

“அது நான் செஞ்ச வேலை” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு கம்ப்யூட்டரைத் தூங்கவிடாமல் வைத்து எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று சோதித்தேன், ஆளை விட்டுச் சும்மா தட்டச் சொன்னேன், நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அந்தச் சீட்டுக்காரியை நான்தான் மறுசுழற்சிக் கம்பெனிக்கு ஒரு ரசீது வாங்க அனுப்பியிருக்கிறேன் என்றும் சொன்னேன். முகம் எரிந்தது. மூஞ்சி காட்டிக்கொடுக்கும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து, குனிந்து அந்தக் கம்ப்யூட்டரின் வயரைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

“மறந்துட்டீங்களா? ஒரு மாசமா?”

“மறந்துட்டேன்.”

“பொறுப்புல இருக்கறவங்களே அளவைக் கெடுத்தா நான் எப்படி சர்டிஃபிகேட் கொடுக்கறது மேடம்?”

கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார்களாம், அதுவரை கப்பல் கம்பெனி பொறுத்துக்கொள்ளுமாம். ஜெசிந்தாவின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. என் பெயர் எழுதப்பட்டது. அந்தப் பெண் போன பிறகு தனசேகர் கதவைச் சாத்திக்கொண்டு என்னைக் கிழித்தார். மேலாளர் பதவியை மறந்துவிடுங்கள் என்றார். மறதிதான் உங்களுக்குக் கைவந்த கலை ஆயிற்றே என்றும் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கவனக்குறைவானவள் என்று ஒருவர் திட்டி நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது எல்லாரும் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

நான் அவளுக்காகச் சொல்லவில்லை. அந்தச் சென்னைப் பெண்ணின் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். அது பதவி போனதற்கு.

அக்டோபர் 24, வியாழன்

பசுமைப் பொறுப்பை ரொசாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேபிளை இரும்புக்கடைக்கு விற்கப் பார்த்தவனுக்கு. கலிகாலம். ஏசி ரிமோட்டைக் கேட்டான், கொடுத்தேன். இருபதுக்கு இறக்கிவிடுவான் என்று பார்த்தேன். இருபத்தைந்திலேயே விட்டுவைத்திருக்கிறான்.

ஜெசிந்தா என் மேஜையை இரண்டு தடவை கடந்து போனாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும்.

அக்டோபர் 25, வெள்ளி

தனசேகர் துறைமுகத்துக்குப் போனதும் ரொசாரி வந்து நின்றான். அவன் கேட்கவில்லை, உத்தரவு போட்டான்.

“நாலுல இருந்து அஞ்சு உங்களுக்கு மேடம். வெள்ளிக்கிழம தோறும்.”

எனக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். எல்லாருக்கும்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாலு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் காரியமாகத் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே குறைத்தேன். கல்யாண வீடு மாதிரி எரியவிட்டிருக்கிறாள். சும்மா தட்டிக்கொண்டிருக்க நான் ரொசாரி இல்லை, அவள் மீதி வைத்திருந்த பில்களை எடுத்துப் போட ஆரம்பித்தேன். முடிந்தவற்றையும் ஒரு பார்வை பார்த்தேன். மூன்றில் சரக்கு எடை தப்பு. நான் சொல்லிக் கொடுத்தபோதும் அதைத்தான் தப்பாகப் போடுவாள். திருத்தினேன். ஐந்து மணிக்கு அக்கவுண்ட்ஸ் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். இன்னும் இரண்டு பில் இருக்கிறது, முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று அவளைத் திருப்பி அனுப்பினேன். ஐந்தரைக்கு மேஜையில் டீ இருந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அக்டோபர் 26, சனி

நான் உள்ளே நுழையும்போதே ஜெசிந்தா எழுந்து நின்று ஆபீஸுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“யாரு என் பில்லுல கை வச்சது?”

“நான்தான். மூணுல எடை தப்பு.”

“வெளிச்சத்தக் கொறச்சது?”

“நான்தான்.”

“கண்ணு வலிக்கி.”

“பழகிரும்.”

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நானும் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். மதியம் இன்னொரு தடவை பார்த்தேன். வெளிச்சத்தை அவள் கூட்டவில்லை.